பகல் தூக்கமா? முதலில் மருந்துப் பெட்டியைத் திறந்து பாருங்கள்

எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தும் காலை பத்து மணிக்கே கண் சொக்குகிறது, கூட்டத்தில் உட்கார்ந்தால் தலை தொங்குகிறது என்றால், அதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர் வைக்காதீர்கள். விழிப்பு தானாக இருப்பதல்ல. மூளை ஓயாமல் உழைத்துத்தான் நம்மை விழிக்க வைத்திருக்கிறது. அந்த உழைப்பில் பெரும் பங்கு ஹிஸ்டமினுக்கு உண்டு. ஒவ்வாமையில் அரிப்பும் தும்மலும் வரவைக்கும் அதே ஹிஸ்டமின்தான்.

மூளையின் அடியில், ஹைப்போதலாமஸின் பின்பக்கத்தில், ஒரு சிறு நரம்பணுக் கூட்டம் இருக்கிறது. மூளையின் நரம்பணுக்களில் ஹிஸ்டமின் சுரப்பவை இவை மட்டுமே. நாம் விழித்திருக்கும்போது இவை சுறுசுறுப்பாக இருக்கும், தூங்கியதும் அடங்கிவிடும். சுரந்த ஹிஸ்டமின், நரம்பணுக்களின் மேல் பூட்டு மாதிரி இருக்கும் எச்1 ஏற்பியில் போய்ப் பொருந்தும்போது மூளை விழிக்கிறது. எச்3 ஏற்பி பிரேக் மாதிரி: ஹிஸ்டமின் கூடினால் சுரப்பைக் குறைக்கும். வியன்னாவின் நரம்பியல் மருத்துவர் கான்ஸ்டன்டின் ஃபான் எகனாமோ, முதல் உலகப் போர்க் காலத்தில் பரவத் தொடங்கிய தூக்கக் காய்ச்சலில் (ஒரு வகை மூளை அழற்சி) இறந்தவர்களின் மூளையை ஆராய்ந்து, ஹைப்போதலாமஸின் பின்பகுதி சிதைந்தவர்களே ஓயாமல் தூங்கினார்கள் என்று கண்டு சொல்லிவிட்டார். காரணம் பல பத்தாண்டுகளுக்குப் பிறகே விளங்கியது.

பெலாச்சான் (இறால் விழுது), கருவாடு, நெத்திலி சாப்பிட்டால் மூளையில் ஹிஸ்டமின் கூடுமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. உணவிலும் இரத்தத்திலும் உள்ள ஹிஸ்டமின் மூளைக்குள் நுழைய முடியாதபடி இரத்த-மூளைத் தடுப்பு காவல் நிற்கிறது. ஆனால் சில மாத்திரைகள் அந்தக் காவலைத் தாண்டிவிடும். முதல் வேலை அங்கேதான்.

முதல் நாள்: மருந்துச் சோதனை

வீட்டில் இருக்கிற எல்லா மருந்தையும் மேசையில் பரப்புங்கள். சளிக்கு கிளினிக்கில் கொடுத்த சின்ன பிளாஸ்டிக் பையையும் விடாதீர்கள். அதில் இருக்கும் குட்டி மாத்திரை பெரும்பாலும் குளோர்ஃபெனிரமின் 4 மில்லிகிராம். பிரிட்டன் (Piriton) என்ற பெயரில் ஃபார்மசியில் கேட்டு வாங்குவதும் இதுதான். பெரியவர்கள் உடலில் இது பாதியாகக் குறையவே சுமார் 20 மணி நேரம் ஆகும். இரவு பத்து மணிக்குப் போட்டது மறுநாள் மாலை வரை எச்1 ஏற்பிகளை அடைத்துக்கொண்டு நிற்கும். மூக்கு ஒழுகுகிறது என்று தினம் ஒன்று போடுகிறவர், தன் விழிப்பின் சுவிட்சைத் தானே தினமும் அணைக்கிறார். தூக்கம் வராத நாளிலும் வண்டி ஓட்டும் கவனம் மந்தப்பட்டிருக்கும். ஆளுக்கே அது தெரியாது. ஆபத்தும் அதில்தான்.

தேட வேண்டிய மற்ற பெயர்கள்: இருமல் மருந்தில் டைஃபென்ஹைட்ரமின், புரோமெதசின், பயண வாந்திக்கு டைமென்ஹைட்ரினேட், பசி தூண்டக் கொடுக்கும் சைப்ரோஹெப்டடின். இவை எல்லாம் மூளைக்குள் போகும். அமிட்ரிப்டிலின், மிர்டசபின், குவெட்டியாபின் ஆகியவையும் எச்1 ஏற்பியை அடைப்பவை. ஆனால் இந்த மூன்றையும் நீங்களாக நிறுத்தக் கூடாது. பெயரைக் குறித்துக்கொண்டு, எழுதிக் கொடுத்த மருத்துவரிடமே கேளுங்கள்.

ஒவ்வாமை மருந்தை மட்டும் மாற்றிப் பார்க்கலாம். ஃபார்மசிஸ்டிடம் "தூக்கம் வராததாக வேண்டும்" என்று சொல்லுங்கள். ஃபெக்ஸோஃபெனடின் மூளைக்குள் ஏறக்குறைய போவதே இல்லை. லோராடடின் 10 மில்லிகிராமும் பலருக்கு ஒத்துவரும். செடிரிசின் சிலருக்குத் தூக்கம் தரும், அதனால் சோதனைக்கு அது வேண்டாம். ஃபெக்ஸோஃபெனடினைத் தண்ணீரில் மட்டும் விழுங்குங்கள். ஆரஞ்சு, ஆப்பிள் சாறோடு குடித்தால் உடம்பு அதைச் சரியாக உறிஞ்சாது. பிறகு "இந்த மாத்திரை கேட்கவில்லை" என்று பழைய மாத்திரைக்கே திரும்பிவிடுவோம். ஒரு வாரம் இப்படி இருந்து பாருங்கள். பகல் தெளிந்துவிட்டால் விடை கிடைத்துவிட்டது.

இரண்டு வாரம்: நோட்டு

தெளியவில்லையா? ஒரு நோட்டில் தினமும் எழுதுங்கள்: படுத்த நேரம், தூங்கியிருப்பேன் என்று நினைக்கும் நேரம், எழுந்த நேரம், பகலில் தூங்கியது, தே தாரிக் டீயும் கோப்பியும் குடித்த நேரம், போட்ட மருந்து. பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்ட் மாறுகிறவர்கள் ஷிப்டையும் எழுத வேண்டும். அது இல்லாத நோட்டை வைத்து யாராலும் எதுவும் சொல்ல முடியாது. வேலை நாளில் ஐந்தரை மணி நேரம், ஞாயிறன்று ஒன்பது மணி நேரம், ஞாயிறு மட்டும் ஆள் தெளிவு என்றால் அது நோயல்ல, தூக்கக் கடன்.

கூடவே பகல் தூக்கத்தை அளக்கும் எப்வொர்த் அளவுகோலைப் போடுங்கள். எட்டுச் சூழ்நிலைகள்: படிக்கும்போது, டிவி பார்க்கும்போது, பொது இடத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது, ஒரு மணி நேரம் காரில் பயணியாகப் போகும்போது, மதியம் படுத்திருக்கும்போது, ஒருவரோடு உட்கார்ந்து பேசும்போது, மது இல்லாத மதியச் சாப்பாட்டுக்குப் பின் அமைதியாக உட்காரும்போது, நெரிசலில் கார் சில நிமிடம் நிற்கும்போது. ஒவ்வொன்றிலும் கண் அயர எவ்வளவு வாய்ப்பு என்று 0 முதல் 3 வரை போட்டுக் கூட்டுங்கள். 10ஐத் தாண்டினால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பலர் செய்யும் தப்பு, எவ்வளவு களைப்பு என்று நினைத்து எண் போடுவது. களைப்பு வேறு, தூக்கம் வேறு. வீட்டில் ஒருவரையும் உங்களுக்காக எண் போடச் சொல்லுங்கள். அவர் போடுவது பெரும்பாலும் கூடுதலாகத்தான் இருக்கும்.

பக்கத்தில் படுப்பவரிடம் குறட்டையைப் பற்றியும் கேளுங்கள். குறட்டை நடுவில் சட்டென்று நின்று, பத்து விநாடிக்கு மேல் மூச்சே கேட்காமல், பிறகு திணறலோடு தொடங்கினால் அது தூக்க மூச்சுத் திணறல். பகல் தூக்கத்துக்கு மிகச் சாதாரணமான காரணங்களில் ஒன்று, சிகிச்சையால் நன்றாகக் கட்டுப்படுத்தக்கூடியதும்கூட.

சிரிக்கும்போது முழங்கால் மடிந்து போவது, தாடை தொங்குவது, அமுக்குவான் பேய் அமுக்கியது போல எழ முடியாமல் கிடப்பது: இவை இருந்தால், பகலில் அடக்க முடியாத தூக்கம் வரும் நார்கோலெப்சி நோயை நினைக்க வேண்டும். முதல் வகையில் ஹிஸ்டமின் அணுக்களைத் தூண்டிவிடும் ஓரெக்சின் அணுக்கள் அழிந்திருக்கும். ஹிஸ்டமினே குறைந்திருக்கும் என்றுதான் முதலில் எண்ணினார்கள். 2009ல் தண்டுவட நீரில் குறைவாகத்தான் கண்டார்கள், பின்னர் வந்த ஆய்வு அதை உறுதி செய்யவில்லை. 2013ல் இறந்த நோயாளிகளின் மூளையில் ஹிஸ்டமின் அணுக்கள் கூடுதலாகவே இருந்தன. இது பெரும்பாலும் பதின்ம வயதில் தொடங்கும் நோய். வகுப்பில் தூங்கும் பிள்ளையை அடித்துத் திருத்தப் பார்க்காதீர்கள்.

கிளினிக்கில்

மலேசிய அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி (ரிங்கிட்)தான். அங்கே மலாயில் "பெனாட்" (களைப்பு) என்று சொன்னால் இரத்தச் சோகை, தைராய்டு பரிசோதனையோடு வேலை முடிந்துவிடும். அவையும் தேவைதான். ஆனால் நீங்கள் சொல்ல வேண்டிய சொல் "மெங்ஙாந்தோக்" (தூக்கம் வருகிறது). நோட்டையும் எப்வொர்த் எண்ணையும் மேசையில் வைத்து, தூக்கப் பரிசோதனைக்குக் கடிதம் கேளுங்கள்.

நார்கோலெப்சிச் சந்தேகம் என்றால் இரவு முழுவதும் பதிவு, மறுநாள் இரண்டு மணி நேர இடைவெளியில் நான்கைந்து குட்டித் தூக்கங்கள். சராசரியாக 8 நிமிடத்துக்குள் தூங்கிவிட்டால், இரண்டு முறையாவது 15 நிமிடத்துக்குள் கனவுத் தூக்கம் வந்தால், விடை ஏறக்குறைய உறுதி. முந்திய இரவு ஆறு மணி நேரமாவது தூங்காவிட்டால் அந்த எண்களை நம்ப முடியாது. தலைக்கு எண்ணெய் வைக்காமல் போங்கள், மின்முனை ஒட்டாது. அன்று தே, கோப்பி கூடாது. மனச்சோர்வு மாத்திரை கனவுத் தூக்கத்தை மறைக்கும். சிலதை இரண்டு வாரம், ஃப்ளூஒக்செட்டினை இன்னும் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும். அதை மருத்துவரே முடிவு செய்யட்டும்.

நார்கோலெப்சிக்கு, எச்3 பிரேக்கைத் தளர்த்தி மூளையின் ஹிஸ்டமினைக் கூட்டும் மருந்து பிட்டோலிசன்ட். ஐரோப்பாவில் 2016லும் அமெரிக்காவில் 2019லும் அனுமதி கிடைத்தது. காலையில் போடுவது; குறைந்த அளவில் தொடங்கி வாரக் கணக்கில் ஏற்றுவார்கள், முழுப் பலன் தெரிய எட்டு வாரம்கூட ஆகலாம். நான்காம் நாளே கேட்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள். கூடவே குளோர்ஃபெனிரமின் போட்டால் ஒரு மருந்து திறந்துவிடுவதை மற்றது அடைக்கும். கருத்தடை மாத்திரையின் பலனையும் பிட்டோலிசன்ட் குறைக்கும், பெண்கள் இதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். இதயத் துடிப்புக் கோளாறு, கடுமையான ஈரல் நோய் இருந்தாலும் அப்படியே.

விடை தெரியும் வரை சாலையில் கவனம். ஜன்னலைத் திறப்பதும் வானொலியைக் கூட்டுவதும் தூக்கத்தைத் தடுக்காது. பினாங்குப் பாலம் 13.5 கிலோமீட்டர், நடுவில் நிறுத்தித் தூங்க இடமில்லை. கண் எரிந்தால் பாலத்தில் ஏறுவதற்கு முன்பே காரை ஓரம் கட்டி, ஒரு கோப்பி குடித்துவிட்டு, 15 முதல் 20 நிமிடம் அலாரம் வைத்துத் தூங்குங்கள். எழும் நேரத்தில் கோப்பி வேலை செய்யத் தொடங்கியிருக்கும். மோட்டார் சைக்கிளில் போகிறவர் அன்று வேறு யாரையாவது கூட்டிப்போகச் சொல்வதே நல்லது.