பனியன் கம்பெனியில் தரவுப் பாதுகாப்புப் பயிற்சி: முதல்முறை நடத்துபவர்களுக்கான செய்முறை

ஹெச்.ஆரில் வேலை பார்க்கும் உங்களிடம் முதலாளி, "டேட்டா புரொடெக்‌ஷன் டிரெய்னிங் ஒண்ணு போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அல்லது வெளிநாட்டு பையர் அனுப்பிய கேள்வித்தாளில் 'ஊழியர்களுக்குத் தரவுப் பாதுகாப்புப் பயிற்சி தரப்பட்டதா?' என்ற கேள்வியைப் பார்த்துவிட்டு, பையரின் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சன்டைசர் உங்களைத் தேடி வந்திருக்கலாம். திருப்பூர் பக்கம் நூறு, இருநூறு பேர் வேலை செய்யும் ஏற்றுமதி யூனிட் ஒன்றை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். உங்கள் தொழில் வேறாக இருந்தால் மேசைகளின் (வேலைப் பிரிவுகளின்) பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

தொடங்கும் முன் ஒன்று. அபராதத்தைச் சொல்லிப் பயமுறுத்தி இந்தப் பயிற்சியை ஆரம்பித்தால் யார் மனதிலும் நிற்காது. சட்டப்படி அபராதம் கட்டப்போவது கம்பெனி. கேட்டில் நிற்கும் காவலருக்கு அது எட்டாத தொகை. ஆனால் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணின் போன் நம்பர் யார் கைக்குப் போகிறது என்று கேட்டால் அவருக்கு உடனே புரியும். அந்தப் பெண்ணை நடுவில் வைத்துப் பயிற்சியை அமையுங்கள்.

படி 1: சட்டத்தை முதலில் நீங்கள் படியுங்கள்

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்ட் 11 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. மொத்தம் 44 பிரிவுகள்தான், ஒரு மாலையில் படித்துவிடலாம். அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அரசிதழில் வெளியாயின. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து, 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வருகின்றன. இந்த இடைவெளியே தயாராவதற்குத்தான் தரப்பட்டது.

படிக்கும்போது நான்கு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். டிஜிட்டலாகச் சேகரித்த விவரமும், காகிதத்தில் வாங்கிப் பின்பு கம்ப்யூட்டரில் ஏற்றிய விவரமும் இந்தச் சட்டத்துக்குள் வரும். 7-ஆம் பிரிவு, வேலைவாய்ப்பு தொடர்பான தேவைகளுக்கு ஊழியரின் தனி ஒப்புதல் இல்லாமலே விவரங்களைப் பயன்படுத்த இடம் தருகிறது. அதற்கு வெளியே போனால் பெரும்பாலும் ஒப்புதல் வேண்டும். பி.எஃப். கன்சல்டன்ட், சம்பள சாப்ட்வேர் கம்பெனி போன்ற வெளியாட்கள் தவறு செய்தாலும் பொறுப்பு உங்கள் கம்பெனியுடையது. 18 வயது நிறையாத எல்லோரும் இந்தச் சட்டத்தில் குழந்தைகள். இ.எஸ்.ஐ. குடும்ப விவரத்துக்காகத் தொழிலாளி கொடுத்த பிள்ளைகளின் போட்டோவும் ஆதாரும் உங்கள் பீரோவில் இருப்பதை இந்த இடத்தில் நினைத்துப்பாருங்கள்.

அபராதத்தின் உச்சவரம்பு, பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய். இதை முதலாளியிடம் சொல்லுங்கள். தொழிலாளர் வகுப்பில் தேவையில்லை.

படி 2: நோட்டுடன் ஒரு நாள் கம்பெனியைச் சுற்றுங்கள்

மொத்த வேலையில் முக்கியமானது இதுதான். பலர் இதைத் தாண்டிவிட்டு, இணையத்தில் கிடைக்கும் ஸ்லைடுகளை எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். அந்த ஸ்லைடுகளில் உங்கள் கேட் ரிஜிஸ்டர் இருக்காது.

கேட்டிலிருந்தே தொடங்குங்கள். வருகைப் பதிவேட்டைத் திறந்தால் முந்தைய பக்கங்களில் வந்தவர்கள் எல்லோருடைய பெயரும் போன் நம்பரும் தெரியும். நூல் இறக்க வந்த டிரைவர் கையெழுத்துப் போடும் அரை நிமிடத்தில், நேற்று இன்டர்வியூவுக்கு வந்த பெண்ணின் நம்பரைப் படித்துவிடலாம்.

அடுத்து, வருகையைக் கணக்கெடுக்கும் டைம் ஆபீஸ். விரல் ரேகை மெஷினின் பதிவுகள் யாருடைய கம்ப்யூட்டரில் இறங்குகின்றன, பாஸ்வேர்டு யாருக்கெல்லாம் தெரியும் என்று கேளுங்கள். வேலைக்குச் சேரும்போது வாங்கிய ஆதார் ஜெராக்ஸ்கள் எங்கே என்று கேளுங்கள். பூட்டிய பீரோவில் ஒரு பிரதி இருக்கும். கூட்டி வந்த லேபர் கான்ட்ராக்டரின் வாட்ஸ்அப்பில் ஒன்று இருக்கும். ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில், பழுதான காப்பியின் பின்புறம் கணக்குப் போட்ட தாளாக இன்னொன்று கிடக்கும்.

அக்கவுன்ட்ஸில் சம்பள எக்செல் எப்படி பேங்குக்குப் போகிறது என்று பாருங்கள். ஹாஸ்டலில் அறைப் பட்டியல் சுவரில் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். லைன் சூப்பர்வைசர்களின் வாட்ஸ்அப் குழுவில் "இன்னிக்கு லீவு, இன்ன ஆஸ்பத்திரியில இருக்காங்க" என்று ஒருவரின் உடல்நிலை எழுதப்படுகிறதா என்று விசாரியுங்கள். சிசிடிவி திரை எந்த அறையில் இருக்கிறது, வெளியாள் நின்று பார்க்க முடியுமா என்பதையும் எழுதுங்கள்.

ஏற்றுமதி யூனிட்டுகளில் விவரம் வெளியே போக இன்னொரு வழி இருக்கிறது: சோஷியல் ஆடிட், அதாவது தொழிலாளர் நிலைமையைப் பற்றி பையர் தரப்புக்காக நடக்கும் சோதனை. வயதுச் சான்று, சம்பளச் சீட்டு, வருகைப் பதிவு எல்லாவற்றையும் ஆடிட்டர் கேட்பார், கேட்கத்தான் வேண்டும். அவசரத்தில் மொத்த ஃபோல்டரையும் இமெயிலில் அனுப்பிவிடுவதுதான் சிக்கல். ஆபீஸிலேயே உட்கார வைத்து அசலைக் காட்டினால் போதும். பிரதி கட்டாயம் வேண்டுமென்றால் தேவையில்லாத எண்களை மறைத்துக் கொடுங்கள்.

சுற்றும்போது யாரையும் குற்றம் சொல்லாதீர்கள். "இது எப்படிங்க நடக்குது, கொஞ்சம் காட்டுங்களேன்" என்ற தொனி போதும். பயந்துவிட்டால் உண்மையான வழியைக் காட்டாமல், காட்ட வேண்டிய வழியைக் காட்டுவார்கள்.

படி 3: ஒவ்வொன்றுக்கும் எதிரே 'எதற்காக' என்று எழுதுங்கள்

ஒரு எக்செல் தாள் போதும். என்ன விவரம், எங்கே இருக்கிறது, யார் பார்க்கிறார்கள், எதற்காக, எப்போது அழிப்போம் என ஐந்து பத்திகள்.

'எதற்காக' என்ற பத்திதான் உங்களை யோசிக்க வைக்கும். சம்பளம், வருகை, பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் வேலைவாய்ப்புத் தேவை அல்லது சட்டக் கடமை. ஆயுத பூஜையில் எடுத்த தொழிலாளியின் படத்தைக் கம்பெனியின் பேஸ்புக் பக்கத்தில் போடுவது அப்படியல்ல, அதற்கு அவருடைய ஒப்புதல் வேண்டும். "வேண்டாம்" என்று சொன்னால் வேலைக்கு ஒன்றும் ஆகாது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அது ஒப்புதலே அல்ல.

ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்கிறது சட்டம். ஒடிசாவிலிருந்தும் பிகாரிலிருந்தும் வந்தவர்கள் லைனில் இருந்தால் ஒடியாவும் இந்தியும் தேவை. எழுத்து தெரியாதவருக்கு அவர் மொழி பேசும் ஒருவரை வைத்து வாசித்துக் காட்டுங்கள்.

'எப்போது அழிப்போம்' என்பதில் அவசரம் வேண்டாம். தேவை முடிந்ததும் அழிக்கச் சொல்லும் இதே சட்டத்தின் விதிகள், சில தேவைகளுக்காக விவரங்களையும் பதிவுகளையும் குறைந்தது ஓராண்டு வைத்திருக்கவும் சொல்கின்றன. தொழிலாளர் சட்டங்களில் தனிக் கால வரம்புகள் உண்டு. வழக்கறிஞரிடமோ உங்கள் கணக்கு ஆடிட்டரிடமோ கேட்டுத் தேதிகளை நிரப்புங்கள். அதுவரை யாரும் எதையும் தானாக அழிக்கக் கூடாது என்று சொல்லிவையுங்கள்.

படி 4: வகுப்புக்கு முன் சாவியைக் கொடுங்கள்

பூட்டு இல்லாத பீரோவை வைத்துக்கொண்டு "பத்திரமாக வையுங்கள்" என்று வகுப்பெடுக்காதீர்கள். முதலில் பூட்டு, ஆளுக்கொரு லாகின், தாளைத் துண்டுதுண்டாக்கும் ஒரு ஷ்ரெட்டர், கேட்டில் ஒரு பக்கத்துக்கு ஒருவர் எழுதும் தனிச் சீட்டு. எதற்கும் பெரிய செலவில்லை. ஆதார் எண் முழுதாகத் தேவைப்படாத இடங்களில், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை வாங்கும் வழக்கத்தையும் கொண்டுவாருங்கள். அதை ஆதார் ஆணையத்தின் தளத்திலிருந்தே இறக்கிக்கொள்ளலாம்.

படி 5: மேசை வாரியாகச் சொல்லிக்கொடுங்கள்

எல்லோரையும் கேன்டீனில் உட்கார வைத்து ஒரே வகுப்பாக நடத்தாதீர்கள். ஐந்தாறு பேர், அவர்கள் வேலை செய்யும் இடத்திலேயே, முப்பது நாற்பது நிமிடம். ஒவ்வொரு குழுவுக்கும் அவர்களுக்கு நாளை நேரக்கூடிய ஒரு சூழ்நிலையைக் கொடுத்து, "நீங்க என்ன செய்வீங்க?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள்.

காவலர்களுக்கு இது: ராத்திரி ஷிப்ட் முடியும் நேரம் ஒருவர் வந்து, "அண்ணா, நான் அவ வீட்டுக்காரன். எத்தனை மணிக்கு வெளிய வருவா? எந்த ஹாஸ்டல்?" என்று கேட்கிறார். உண்மையில் கணவராகவே இருக்கலாம். அவரிடமிருந்து தப்பித்துத்தான் அந்தப் பெண் இங்கே வேலைக்கு வந்திருக்கவும் கூடும். காவலர் தர வேண்டிய பதில் ஒன்றே: "உங்க பேரும் நம்பரும் எழுதிக் கொடுங்க, ஆபீஸ்ல கொடுத்துடறேன். அப்படி யாராவது இருந்து, பேசணும்னா அவங்களே கூப்பிடுவாங்க." அந்தப் பெயரில் ஒருவர் அங்கே வேலை செய்கிறார் என்பதைக்கூட உறுதிசெய்யக் கூடாது. இதைச் சத்தமாக ஒருமுறை சொல்ல வையுங்கள். நடித்துப் பார்த்தால்தான் வாயில் வரும்.

டைம் ஆபீஸுக்கு: "லோன் கம்பெனியில இருந்து பேசறோம். இந்தம்மா இன்னும் உங்ககிட்டதான் வேலை செய்யறாங்களா, சம்பளம் எவ்வளவு?" என்று போன் வருகிறது. போனில் எதுவும் சொல்வதில்லை, எழுத்தில் கேட்கட்டும், தொழிலாளியிடம் கேட்டுவிட்டுத்தான் பதில். போலீஸ் அல்லது அரசு அதிகாரி கேட்டால் அது வேறு. யார் பதில் தர வேண்டும் என்று ஒரே ஒரு பொறுப்பாளரை முன்பே முடிவு செய்யுங்கள், மற்றவர்கள் அவரிடம் அனுப்பட்டும்.

டைம் ஆபீஸிலேயே இன்னொன்றும் சொல்லுங்கள்: விவரம் சரியாக இருப்பதும் பாதுகாப்புதான். ஆதாரில் ஒரு மாதிரி, பி.எஃப். கணக்கில் ஒரு மாதிரி என்று பெயரில் ஓரெழுத்து மாறினால், வேலையை விட்டு ஊருக்குப் போன தொழிலாளி தன் சொந்தப் பணத்தை எடுக்க முடியாமல் அலைவார். ஒடியா, பெங்காலிப் பெயர்களைக் காதால் கேட்டு டைப் செய்யாமல், அட்டையைப் பார்த்து டைப் செய்யப் பழக்குங்கள். திருத்தம் கேட்டு வருபவரைத் திருப்பி அனுப்பக் கூடாது.

சூப்பர்வைசர்களுக்குப் பாடம் மிகச் சிறியது. விடுப்பின் காரணம் குழுவில் வேண்டாம், 'லீவு' என்ற ஒரு சொல் போதும். மெர்ச்சன்டைசர்களுக்கு, ஆடிட்டுக்கு எதை எப்படிக் காட்டுவது என்பது மட்டும். அக்கவுன்ட்ஸுக்கு, சம்பள ஃபைலுக்கு பாஸ்வேர்டு, அந்தப் பாஸ்வேர்டை அதே மெயிலில் அனுப்பாமல் இருப்பது.

படி 6: கசிவு ஒத்திகை

சனிக்கிழமை, சம்பள நாள். அக்கவுன்ட்ஸ் பையன் எல்லோருடைய பேங்க் கணக்கு எண்ணும் உள்ள எக்செல்லை பேங்குக்குப் பதிலாக ஒரு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். இரண்டு நிமிடத்தில் அழித்தும் விட்டான். இது கசிவா?

ஆம். தவறுதலாகப் பகிர்வதும் சட்டத்தின் வரையறைக்குள் வருகிறது. ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் தாக்கி ஃபைலை நம்மாலேயே திறக்க முடியாமல் போவதும் வருகிறது. இத்தனை பேருக்கு மேல் பாதித்தால்தான் சொல்ல வேண்டும் என்ற அளவுகோல் எதுவும் சட்டத்தில் இல்லை.

இந்தச் சூழ்நிலையைச் சொல்லிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து ஒத்திகையை ஆரம்பியுங்கள். முதல் கேள்வி: அந்தப் பையன் யாரிடம் சொல்ல வேண்டும்? பெயர் வர வேண்டும், "மேனேஜ்மென்ட்" என்ற பதில் செல்லாது. இரண்டாவது: அந்த ஆள் போனை எடுக்கவில்லை என்றால்? பிறகு நேரக் கணக்கு. மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவுப்படி, தரவுக் கசிவு, ரேன்சம்வேர் போன்ற சம்பவங்களைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் அதற்குத் தெரிவிக்க வேண்டும். இந்தக் கடமை ஏற்கெனவே நடைமுறையில் இருக்கிறது. தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் புதிய விதிகள் முழுமையாக அமலுக்கு வந்ததும், அந்தச் சட்டத்தின் கீழ் அமையும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்குத் தாமதமில்லாமல் முதல் தகவலும், தெரியவந்த 72 மணி நேரத்துக்குள் விரிவான அறிக்கையும் போக வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் தொடங்கினால் 72 மணி நேரம் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் முடியும்; நடுவில் ஞாயிறு. இதைப் பலகையில் எழுதிக் காட்டுங்கள்.

பாதிக்கப்பட்டவர்களுக்கும் தாமதமின்றிச் சொல்ல வேண்டும். என்ன நடந்தது, எப்போது, அதனால் என்ன ஆகலாம், நாம் என்ன செய்தோம், அவர்கள் என்ன செய்து தங்களைக் காத்துக்கொள்ளலாம், யாரிடம் கேட்கலாம் ஆகியவை அதில் இருக்க வேண்டும். ஒத்திகையின் போதே குழுவை வைத்து இதை எழுத வையுங்கள். நான் பயன்படுத்தும் மாதிரி இப்படி இருக்கும்:

"இன்று மாலை உங்கள் பெயரும் பேங்க் கணக்கு எண்ணும் உள்ள பட்டியல் தவறுதலாக வேறு ஒரு குழுவுக்குப் போய்விட்டது. உடனே நீக்கிவிட்டோம், பார்த்தவர்களையும் அழிக்கச் சொல்லியிருக்கிறோம். பேங்கிலிருந்து பேசுவதாகச் சொல்லி யாராவது ஓடிபி கேட்டால் கொடுக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் டைம் ஆபீஸில் கேளுங்கள்."

எளிய தமிழ், நான்கு வரி. இந்தி, ஒடியாவிலும் தயாராக வைத்திருங்கள், சம்பவத்தன்று மொழிபெயர்ப்பாளரைத் தேட நேரம் இருக்காது.

ஒத்திகையில் ஒன்றை முதலாளி வாயால் சொல்ல வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது: தவறை உடனே வந்து சொன்னவர் மீது நடவடிக்கை இல்லை. அந்த வாக்கு இல்லையென்றால் பையன் மெசேஜை அழித்துவிட்டு வாயைத் திறக்க மாட்டான். நீங்கள் திங்கட்கிழமை வேறு யாரோ சொல்லித்தான் தெரிந்துகொள்வீர்கள்.

படி 7: எழுதிவையுங்கள்

'பயிற்சி நடத்து' என்று சட்டத்தில் தனிப் பிரிவு இல்லை. பாதுகாப்புக்கான நிர்வாக ஏற்பாடுகளைச் செய்திருக்க வேண்டும் என்று இருக்கிறது. கேள்வி வந்தால் காட்டுவதற்கு உங்களிடம் தேதி, வந்தவர்களின் கையெழுத்து, சொன்ன சூழ்நிலைகள், அவர்கள் தந்த பதில்கள் இருக்க வேண்டும். மதிப்பெண் தேர்வு தேவையில்லை. மாதம் ஒருமுறை, லோன் கம்பெனி ஆள்போல டைம் ஆபீஸுக்குப் போன் செய்யச் சொல்லி ஒரு நண்பரைக் கேளுங்கள். என்ன பதில் வந்தது என்று குறித்துக்கொண்டு, அடுத்த வகுப்பில் ஆளைச் சுட்டாமல் பேசுங்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை 2-ஆம் படியிலிருந்து மறுபடி செய்யுங்கள். கேட் காவலர்கள் மட்டும் விதிவிலக்கு. ஏஜென்சி அவர்களை அடிக்கடி மாற்றும். புதியவர் வந்த முதல் ஷிப்டிலேயே, பழையவரை வைத்துக்கொண்டு, அந்த ஒரு சூழ்நிலையைப் பத்து நிமிடம் நடித்துக் காட்டிவிட்டு டியூட்டியை ஒப்படைக்கச் சொல்லுங்கள்.