ராஜராஜன் பெயர் பொறித்த செப்புக்காசை அடையாளம் காண்பது எப்படி?

தமிழகத்திலும் இலங்கையிலும் எளிதாகக் கிடைக்கும் பழங்காசுகளுள் ஒன்று, முதலாம் ராஜராஜன் (985–1014) பெயர் பொறித்த செப்புக்காசு. ஒரு பக்கத்தில் நிற்கும் உருவமும், மறுபக்கத்தில் அமர்ந்த உருவமும், அதன் அருகே எழுத்தும் இருக்கும். அமைப்பு இவ்வளவுதான் என்றாலும், என் முதல் காசைப் படித்து முடிக்க எனக்கு மூன்று வாரங்கள் ஆயின.

முதலில் சுத்தம் செய்தல். புளி, எலுமிச்சை, பாத்திரம் துலக்கும் பொடி ஆகிய எதையும் காசின் அருகே கொண்டுவராதீர்கள். செம்பின் மேல் சீராகப் படிந்திருக்கும் கரும்பச்சைப் படலமே எழுத்தைக் காத்து வந்திருக்கிறது. அது போனால் எழுத்தும் சேர்ந்தே போகும். காய்ச்சி வடித்த நீரில் சில நாட்கள் ஊறவைத்து, நீரை மாற்றிக்கொண்டே வந்து, இளகிய மண்ணை மட்டும் மூங்கில் பல்குத்தியால் மெல்ல நீக்கினால் போதும்.

கருவிகளில் பத்து மடங்கு பெருக்கும் லூப் (கண்ணருகே பிடித்துப் பார்க்கும் சிறு உருப்பெருக்கி) ஒன்றே இன்றியமையாதது. கணினியில் இணைக்கும் நுண்ணோக்கியைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு கோட்டைப் பெரிதாகக் காட்டும் அக்கருவி, அந்தக் கோடு கையா எழுத்தா என்பதைக் காட்டாது. 0.01 கிராம் வரை காட்டும் தராசு ஒன்றும் இருக்கட்டும். ஏறத்தாழ 4 கிராம் இருக்க வேண்டிய காசு பெரிதும் மாறுபட்டாலோ, விளிம்பைச் சுற்றி வார்ப்புக் கோடு தெரிந்தாலோ, அதைப் போலி என்று ஐயுறலாம்.

நான் தடுக்கி விழுந்தது அடுத்த படியில். சோழன் காசு என்பதால் தமிழெழுத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். அதில் இருப்பதோ நாகரி எழுத்து, அதாவது இன்று இந்தி எழுதப்படும் எழுத்தின் பழைய வடிவம். போதாக்குறைக்குக் காசைத் தலைகீழாகவும் பிடித்திருந்தேன். அரசனின் மடித்த காலைப் பறவை என்றே குறித்து வைத்திருந்தேன். எனவே எழுத்தைத் தேடுவதற்கு முன் உருவத்தை நேராக்குங்கள். மேசை விளக்கை அணைத்துவிட்டு, கைப்பேசி விளக்கைக் காசின் மட்டத்துக்குத் தாழ்த்தி, மேல் இடப்பக்கத்திலிருந்து ஒளி சாய்ந்து விழுமாறு வைத்து, காசை மட்டும் மெதுவாகச் சுழற்றுங்கள். கீழிருந்து ஒளி விழுந்தால் மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் கண்ணுக்குத் தோன்றும். நான் எடுத்த படங்கள் பல அப்படித்தான் வீணாயின. அமர்ந்த உருவம் நேரானதும், உயர்த்திய இடக்கையின் கீழே, அதாவது நமக்கு வலப்புறத்தில், எழுத்து ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்பதைக் காணலாம்.

இனிப் படிக்கலாம். மேலே ‘ஸ்ரீ’, அதன்கீழ் ‘ராஜ’, மீண்டும் ‘ராஜ’. நாகரி தெரியாதவரும் இரண்டாம் வரியும் மூன்றாம் வரியும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும். அச்சைவிடத் தகடு சிறிதாக இருந்ததால் பல காசுகளில் கடைசி வரி விளிம்போடு போயிருக்கும். அத்தகைய காசை அவசரப்பட்டு ராஜராஜன் பெயரில் எழுதிவிடாதீர்கள். இலங்கையில் சோழர் ஆட்சிக்குப் பின்னர் அங்குள்ள பொலன்னறுவை அரசர்களும் இதே நின்ற, அமர்ந்த உருவங்களோடு, இதே நாகரியில் காசு வெளியிட்டார்கள். அவர்களுள் அரசி லீலாவதியின் காசு ‘ஸ்ரீ ராஜ லீலாவதி’ என்று தொடங்குவதால், முதல் இரண்டு வரிகள் மட்டும் எஞ்சியிருந்தால் யாரும் ஏமாறுவர். பராக்கிரமபாகுவின் காசில் ‘ஸ்ரீ’க்குப் பின் ‘பராக்ரம’ என வருவதால் அந்தக் குழப்பம் இல்லை. மூன்றாம் வரி தெரியாத காசுகளை நான் ‘உறுதியில்லை’ என்று எழுதிய தனி உறையில் வைக்கிறேன். அந்த உறைதான் இப்போது தடிமனாக இருக்கிறது.

பின்சேர்க்கை: காசில் வெளிர்பச்சைத் தூள் உதிர்கிறதே என்று இருவர் கேட்டிருந்தார்கள். அது காப்புப் படலம் அன்று. குளோரைடு உப்பும் ஈரமும் சேர்ந்து செம்பை அரிப்பதன் அடையாளம். அக்காசை உடனே பிரித்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லுடன் வையுங்கள். பிவிசி உறைகளையும் தவிர்த்துவிடுங்கள்.

நிலத்தில் காசு கிடைத்தால் என்ன செய்வது என்றும் ஒருவர் கேட்டார். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்த பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்.