ஜன்னலோரம் ஒரு நாற்காலி: வாழ்க்கையை எளிதாக்க எங்கே தொடங்குவது?

வாழ்க்கையைக் கொஞ்சம் எளிதாக்கிக்கொள்ளலாம் என்று முடிவெடுக்கிற பலரும் முதலில் கை வைப்பது துணி அலமாரியில்தான். சனிக்கிழமை காலையில் எல்லாவற்றையும் கட்டிலில் கொட்டிவிட்டு, எதை வைத்துக்கொள்வது எதைக் கழிப்பது என்று புரியாமல், இரவு படுக்க இடம் வேண்டுமே என்று அப்படியே திரும்ப அடுக்கிவிடுகிறோம். நானும் இரண்டு முறை இதைச் செய்திருக்கிறேன். மூன்றாவது முறை தலைகீழாகத் தொடங்கினேன். எதைக் கழிப்பது என்று யோசிக்கவில்லை, எனக்கு என்ன வேண்டும் என்று யோசித்தேன், அதற்குக் குறுக்கே நிற்பதை மட்டும் எடுத்தேன். அந்த வழியைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன், இதுவரை எதையும் முயன்று பார்க்காதவர்களும் இன்றைக்கே தொடங்கலாம்.

முதல் படி: ஒரே ஒரு சின்ன ஆசை

ஒன்று போதும். தினமும் செய்யக்கூடியதாக, காசு அதிகம் கேட்காததாக, இன்னொருவர் வந்தால்தான் நடக்கும் என்று இல்லாததாக இருக்க வேண்டும். கறிவேப்பிலைச் செடிக்கு நிதானமாகத் தண்ணீர் ஊற்றுவது, இங்கே சிங்கப்பூரில் வரும் ஒலி 96.8 வானொலியில் பாட்டுக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்வது, வேறு வேலை எதுவும் செய்யாமல் ஊரில் இருக்கும் அம்மாவிடம் பத்து நிமிடம் பேசுவது, இப்படி ஏதாவது. உடற்பயிற்சி, தியானம் எல்லாம் நல்லதுதான், ஆனால் 'செய்தாக வேண்டும்' என்று மனம் சொல்வதை இப்போது எடுக்காதீர்கள், அது இன்னொரு வேலையாகிவிடும்.

எனக்கு ஒரு டம்ளர் பில்டர் காப்பியை ஹாலில் ஜன்னலோரம் உட்கார்ந்து, சூடு ஆறுவதற்குள் குடிக்க வேண்டும். அவ்வளவுதான். பல வருடங்களாக அடுப்படியில் நின்றபடி பாதி, பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பிய பிறகு சூடு பண்ணி மீதி என்றுதான் குடித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் படி: ஒரு வாரம் எழுதிப் பாருங்கள்

குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒரு தாளை ஒட்டுங்கள். உங்கள் ஆசை எந்த நாளில் நடக்கவில்லையோ, அந்த நாளுக்கு நேரே காரணத்தை ஒரே வரியில் எழுதுங்கள். எதையும் மாற்ற வேண்டாம், எழுதினால் போதும்.

என் தாளில் திங்கள்: பள்ளிச் சீருடை இஸ்திரி போடவில்லை. செவ்வாய்: நாற்காலியில் துணி. புதன்: நாற்காலியில் துணி. வியாழன்: போன். வெள்ளி: டிகாக்‌ஷன் இல்லை.

பார்த்தீர்களா, துணி அலமாரி இந்தப் பட்டியலிலேயே வரவில்லை. அதைக் கலைத்துப் போட்டு நான் செலவழித்த இரண்டு சனிக்கிழமைகளும் இந்தக் காப்பிக்கு எந்த விதத்திலும் உதவியிருக்காது.

மூன்றாம் படி: இடம்

இந்தப் படிக்குத்தான் அதிக நாள் பிடிக்கும், அவசரப்படாதீர்கள். நாற்காலியில் துணி ஏன் கிடக்கிறது என்று கேட்டுக்கொண்டே போனேன். காய்ந்த துணியை எடுத்து வைக்கக் கூடை இல்லை. கூடை இருக்கிறது, ஆனால் அதை வைக்க இடமில்லை. இடம் இருக்கிறது, பாம் ஷெல்டரில் (வீட்டோடு சேர்த்தே கட்டிய பாதுகாப்பு அறை, மற்ற நாளில் சாமான் அறை), ஆனால் அதற்குள் கால் வைக்க முடியாது. 1990களின் பிற்பகுதியிலிருந்து கட்டிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் இருப்பவர்களுக்கு அந்தக் கனமான இரும்புக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

நான்கு பயணப்பெட்டிகள், கிரைண்டர் வந்த அட்டைப்பெட்டி, கழுவிக் கவிழ்த்த பதினொரு ஐஸ்கிரீம் டப்பாக்கள், ஒரு பழைய மின்விசிறி, எல்லாவற்றுக்கும் அடியில் என் அத்தையின் எவர்சில்வர் குடம். கணவரின் அம்மா, நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். குடத்தை வெளியே எடுத்து வைத்ததும் அவர் வந்து முந்தானையால் அதன் கழுத்தைத் துடைத்தார். "இதுலதான்மா ஊர்ல தண்ணி எடுப்பேன், இது இருக்கட்டும்" என்றார். இடுப்பில் வைத்து வைத்து ஒரு பக்கம் லேசாக நசுங்கியிருந்தது. இப்போது அது ஹாலில் இருக்கிறது, அதில்தான் குடைகளை வைக்கிறோம். இதிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு விதி வந்தது: அவரவர் பொருளை அவரவர்தான் முடிவு செய்ய வேண்டும். அடுத்தவர் பொருளைத் தெரியாமல் கழித்து இடம் பிடித்தால் அந்த இடத்தில் நிம்மதியாக உட்கார முடியாது.

கழித்ததை என்ன செய்வது? புளோக்குக்குக் கீழே உள்ள நீலநிறத் தொட்டி காகிதம், பிளாஸ்டிக், கண்ணாடி, உலோகத்துக்கு, அதில் பழைய துணியைப் போடக்கூடாது. உடுத்தக்கூடிய துணிகளை இரட்சணிய சேனை போன்ற அமைப்புகள் வாங்கிக்கொள்கின்றன. பெரிய மேசை நாற்காலிகளுக்கு உங்கள் நகர மன்றத்துக்குப் போன் செய்து, எத்தனை சாமான்களை இலவசமாக எடுத்துக்கொள்வார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். தாழ்வாரத்தில் நாற்காலி போடலாம் என்று நினைப்பவர்கள் அங்கே 1.2 மீட்டர் அகலத்துக்கு வழி விட வேண்டும் என்பதை மறக்காதீர்கள், தீ விபத்து என்றால் அதுதான் எல்லோருக்கும் வெளியேறும் வழி. பாம் ஷெல்டர் சுவரில் ஆணி அடிக்காமல், தானாக நிற்கும் அலமாரியை மட்டும் வையுங்கள்.

நான்காம் படி: நேரம்

காலை நேரத்தை முந்தின இரவில்தான் சம்பாதிக்க வேண்டும். ஞாயிறு மாலை ஐந்து நாள் சீருடையையும் சேர்த்து இஸ்திரி போட்டுவிடுகிறேன், முக்கால் மணி நேரம். இரவு பாத்திரம் கழுவிய கையோடு பில்டரின் மேல் பாத்திரத்தில் மூன்று கரண்டி காப்பித்தூள் போட்டு, அழுத்தாமல் லேசாகச் சமப்படுத்தி, நன்றாகக் கொதித்த தண்ணீரை ஓரத்திலிருந்து சுற்றி ஊற்றி மூடிவிடுகிறேன். அழுத்தினால் இறங்காது. காலையில் கீழ்ப் பாத்திரத்தைத் திறந்தால் கெட்டியாக டிகாக்‌ஷன் இருக்கும், பால் காய்ச்சுவது மட்டும்தான் பாக்கி.

அப்புறம், சிங்கப்பூரில் இருப்பதில் நமக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. 1982இல் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளியதிலிருந்து, சூரியன் இருக்கும் நிலையைவிட நம் கடிகாரம் ஒரு மணி நேரத்துக்கு மேல் முந்தி ஓடுகிறது, அதனால் வருடம் முழுவதும் ஏறக்குறைய 7 மணிக்குத்தான் விடிகிறது. ஊரில் விடியலைப் பார்க்க ஐந்தரைக்கே எழ வேண்டியிருக்கும், இங்கே 6:40க்கு உட்கார்ந்தால் போதும். எதிர் புளோக்கில் ஒவ்வொரு விளக்காக எரியும், குயில் ஒன்று விடாமல் கூவும் (எங்கள் ஈசூன் குயில்களுக்கு நல்ல குரல்), டம்ளர் காலியாகும்போது வானம் வெளுத்திருக்கும்.

ஐந்தாம் படி: போன்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரவில் போனைப் படுக்கையறைக்கு வெளியே சார்ஜில் போடுங்கள், எழுப்புவதற்கு ஒரு சின்ன கடிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள். விற்பனை அழைப்புகள் தொல்லை என்றால், 2014இலிருந்து இருக்கும் 'அழைக்க வேண்டாம்' பதிவகத்தில் உங்கள் எண்ணைப் பதியுங்கள், கட்டணம் இல்லை. நீங்களே சம்மதம் கொடுத்த நிறுவனங்கள் தொடர்ந்து அழைக்கலாம், அவற்றிடம் தனியாகச் சொல்ல வேண்டும். மாதாமாதம் வரும் பில்களை ஜைரோவில், அதாவது வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும்படி, போட்டுவிட்டால் அவற்றை நினைவில் வைத்திருக்கும் வேலையும் போய்விடும்.

ஆறாம் படி: காலையிலிருந்து ஞாயிறுக்கு

ஒரு மாதம் காலைக் காப்பி தவறாமல் நடந்த பிறகுதான் வாரக்கடைசியைத் தொடுங்கள். அதே முறைதான், என்ன வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். எங்கள் ஞாயிறுகள் பிள்ளைகளின் வகுப்புகளிலும் விருந்துகளிலும் கடைகளிலும் போய்க்கொண்டிருந்தன. இப்போது மாதத்தில் ஒரு ஞாயிறு எதற்கும் ஒத்துக்கொள்வதில்லை. "அன்றைக்கு முடியாதுங்க, அடுத்த வாரம் வர்றோம்" என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை, நாம்தான் அப்படி நினைத்துப் பயப்படுகிறோம்.

அந்த ஞாயிறில் என்ன செய்யலாம் என்பதற்கு ஒன்றிரண்டு. பூமலை (தாவரவியல் தோட்டம்) காலை 5 மணிக்கே திறந்துவிடும், ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும்தான் கட்டணம். நூலகத்தில் தமிழ்ப் புத்தகம் எடுத்தால் 21 நாள் வைத்துக்கொள்ளலாம். எங்களுக்குப் பிடித்தது செம்பவாங் வெந்நீர் ஊற்றுப் பூங்கா, 2020 ஜனவரியில் புதுப்பித்துத் திறந்தார்கள், நுழைவு இலவசம். ஊற்றில் தண்ணீர் 70 டிகிரி வரை சுடும், அதனால் முட்டை வேகும். ஒரு வாளி, முட்டைகள், சின்னப் பொட்டலத்தில் உப்பும் மிளகுத்தூளும் எடுத்துச் செல்லுங்கள். முட்டைகளை வாளியில் போட்டு, குழாயில் வெந்நீர் பிடித்து மூடி, தண்ணீர் ஆறும்போது ஒரு தடவை மாற்றுங்கள், அரை மணி நேரம் போல ஆகும். அதுவரை கால்களை நனைக்கும் தொட்டிகளுக்குப் போகலாம், படிப்படியாக இறங்கும் தொட்டிகளில் கீழே போகப் போகச் சூடு குறையும், கடைசித் தொட்டியில் தொடங்குங்கள். போன தடவை அத்தை முழங்கால் வரை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உட்கார்ந்தவர், முட்டை வெந்துவிட்டது என்று பேரன் வந்து கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. "இங்கேயே உரிச்சுக் கொண்டாடா" என்றார்.