மலைச்சரிவில் வீட்டை நீட்டுமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடந்த மார்ச் மாதம் கோத்தகிரிக்குக் கீழே ஒரு பழைய ஓட்டு வீட்டைப் பார்க்கச் சென்றிருந்தேன். கோயம்புத்தூரிலிருந்து வந்து அதை வாங்கியிருந்த இளம் தம்பதியர், பின்புறம் ஓர் அறை எடுத்தால் வாடகைக்கும் விடலாம், வீட்டின் மதிப்பும் கூடும் என்று கணக்குப் போட்டு, நான் போவதற்குள் மேட்டை ஒன்பது அடிக்குச் செங்குத்தாக வெட்டி முடித்திருந்தார்கள். அந்தச் சிவந்த மண்முகத்தைப் பார்த்தபோது, வீடு கட்டும் தொழிலுக்கு வந்த புதிதில் நான் செய்த தவறு அப்படியே கண்முன் நின்றது. மூன்று பேரிடம் மதிப்பீடு கேளுங்கள், முன்பணத்தை மொத்தமாகக் கொடுக்காதீர்கள் என்பன எல்லோரும் அறிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

பின்மேட்டை வெட்டி அறை எடுப்பது

மலையில் வீட்டுக்கு முன்னால் பெரும்பாலும் சாலையோ பள்ளமோதான் இருக்கும். கையில் மிஞ்சுவது பின்னால் உள்ள மேடு. அதை வெட்டினால் நிலம் இலவசமாகக் கிடைத்ததுபோல் தோன்றுகிறது. செலவுக் கணக்கில் சிமென்ட், கம்பி, கூலி மட்டுமே எழுதப்படுகின்றன. வெட்டிய மேட்டைத் தாங்கும் செலவை யாரும் எழுதுவதில்லை.

2009 ஏப்ரலில் கேத்திப் பள்ளத்தாக்கில், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு இப்படித்தான் ஓர் அறை கட்டிக் கொடுத்தேன். பத்தடி உயரத்துக்கு மேட்டை வெட்டி, அறையின் பின்சுவரையே மண்ணைத் தாங்கும் சுவராகவும் வைத்துவிட்டேன். ஒன்பது அங்குல சாலிட் பிளாக் சுவர். இருபக்கமும் சிமென்ட் பூச்சு. அடிவரிசையில் நீர் வடிய நான்கு குழாய்த் துண்டுகளைப் பதித்திருந்தேன். அவர், "தம்பி, ஈரம் உள்ளே வராமலிருக்கத்தானே சுவர் கட்டுகிறோம், அதிலேயே ஓட்டை வைத்தால் எப்படி?" என்று கேட்டார். விளக்கிச் சொல்லும் அளவுக்கு எனக்கு அப்போது தெளிவு இல்லை. நான்கையும் அடைத்துவிட்டேன்.

அக்டோபரில் கூப்பிட்டார். முழங்கால் உயரத்தில் பூச்சின்மேல் நீர் வியர்வைபோல் அரும்பியிருந்தது. துணியால் துடைத்தால் சற்று நேரத்தில் மறுபடி அரும்பியது. அதற்கு மேலே ஒரு கோடாக உப்புப் பூத்திருந்தது. சுவர் தன்னால் இயன்றவரை எச்சரித்திருக்கிறது. நானோ நீர்புகாக் கலவை வாங்கி வந்து உட்புறம் இன்னொரு பூச்சுப் பூசி, அந்த நீருக்கு இருந்த கடைசி வழியையும் மூடினேன். நவம்பர் 10 அன்று கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது. அந்த நாள்களில் நீலகிரியில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆசிரியர் வீட்டின் பின்சுவர் இடுப்பளவில் வயிறு தள்ளி உள்ளே விழுந்து, ஜன்னல் மட்டம்வரை சேறு நிறைந்தது. குளிருக்காக எல்லோரும் முன்னறையில் படுத்திருந்ததால் உயிர்கள் தப்பின. அறைக்கு ஆன செலவு ஒரு லட்சத்து எண்பதாயிரம்; சேற்றை அள்ளி, முறையான தடுப்புச் சுவர் எழுப்ப மூன்று லட்சத்துக்கு மேல் ஆனது.

இந்த ஏமாற்றம் மண்ணின் இயல்பிலேயே இருக்கிறது. இங்குள்ள கடினப் பாறை காலங்காலமாக மக்கித்தான் இந்தச் சிவந்த மண் உண்டாகியிருக்கிறது. கோடையில் வெட்டினால் செங்கல்போல் நிமிர்ந்து நிற்கும், ஊறியதும் பிடிப்பை இழந்துவிடும். அதோடு நீரின் கனமும் சேர்கிறது. பத்தடிச் சுவரின் பின்னால் நீர் மேல்வரை தேங்கினால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் அந்த நீர் மட்டுமே ஏறக்குறைய நாலரை டன் விசையோடு தள்ளும். உயரம் பாதியானால் விசை கால்பங்காகிவிடும். ஆகவேதான் பத்தடியை ஒரே வெட்டாக வெட்டாமல், இடையில் திட்டு விட்டு இரண்டு ஐந்தடிப் படிகளாக வெட்டச் சொல்கிறேன்.

தடுப்புச் சுவரும் அறைச் சுவரும் வேறு வேறாக இருக்க வேண்டும். இடையே குறைந்தது மூன்றடி விட்டு, அதில் வடிகால் ஓட வேண்டும். கருங்கல் சுவரானால் அதன் அடி அகலம் உயரத்தில் ஏறக்குறைய பாதி இருக்க வேண்டும். நீர் வடிய மூன்று, நான்கு அங்குலக் குழாய்களை மூன்று முதல் ஐந்து அடிக்கு ஒன்றாக, வெளிப்புறம் சற்றுச் சாய்த்துப் பதித்து, சுவருக்குப் பின்னால் ஓரடி கனத்துக்கு ஜல்லி நிரப்ப வேண்டும். கலவை உள்ளே வழிந்து குழாய் அடைபடாமலிருக்கிறதா என்று ஒவ்வொன்றிலும் கம்பி விட்டுப் பார்க்க வேண்டும். இந்த ஐந்து நிமிட வேலையைக் கொத்தனாரிடம் விட்டுவிட்டு நகராதீர்கள். மேட்டின் தலைப்பில் ஒரு வாய்க்கால் எடுத்து மழைநீரை ஓரமாகத் திருப்ப வேண்டும். மேலே தேயிலைச் செடி இருந்தால் பிடுங்காதீர்கள். அதன் வேர்தான் மண்ணைக் கட்டிப் பிடித்திருக்கிறது. இவ்வளவுக்கும் பணம் இல்லையென்றால் அந்த அறையை எடுக்காமல் விடுவதே சரியான முதலீடு. சுவர் வியர்க்கும்போது உள்ளே பூச்சுப் பூசுகிறவர்களை இன்றும் காண்கிறேன். ஒவ்வொரு முறையும் எனக்கு வயிறு எரிகிறது.

அனுமதி இல்லாத சதுர அடி

நீலகிரியில் கட்டட உயரம் 7 மீட்டரைத் தாண்டக் கூடாது. ஹாகா என்று எல்லோரும் சொல்லும் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் ஆளுகைக்குள் வரும் கிராமமானால், உள்ளாட்சியின் கையெழுத்து மட்டும் போதாது. மண் அள்ளும் இயந்திரத்துக்கும் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். இரவில் கொண்டுவந்து வெட்டிவிடலாம் என்று சொல்பவரை நம்பாதீர்கள். வீட்டை விற்கும் நாளில், வாங்குபவரின் வங்கி மதிப்பீட்டாளர் அனுமதி பெற்ற வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் அளப்பார். வரைபடத்தில் இல்லாத அறையை அவர் மதிப்பில் சேர்க்க மாட்டார்; கட்டடத்துக்குச் சீல் வைக்கும் நோட்டீஸ் வந்தால் மீதி வீட்டின் விலையும் சேர்ந்து இறங்கும்.

பழைய சுவர்மேல் மாடி

இங்குள்ள பழைய வீடுகளில் பல, மண் சாந்தில் கட்டிய கருங்கல் சுவர்கள் கொண்டவை. ஓட்டுக் கூரைக்காக எழுப்பிய சுவர்கள் அவை. ஐந்து அங்குலக் கான்கிரீட் தளம் சதுர மீட்டருக்கு 300 கிலோவுக்கு மேல் கனக்கும். ஓடும் கைமரமும் சேர்ந்தாலும் அதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. புதிதாகப் பில்லர் எழுப்ப இடமில்லையென்றால் மாடியை மறந்துவிடுங்கள்.

மழைக்காலத்தில் அடித்தளம் தோண்டுவது

தோண்டாதீர்கள்.

ரசீது வாங்காமல் விடுவது

வீட்டை விற்கும்போது மூலதன ஆதாய வரியில் மேம்பாட்டுச் செலவைக் கழிக்க முடியும். ரசீது இருந்தால் மட்டும்.

சதுர அடியை மட்டும் எண்ணுவது

சமவெளியில் அறைகளின் எண்ணிக்கை விலையைக் கூட்டலாம். இங்கே வீடு பார்க்க வருகிறவர் முதலில் சுவரில் கை வைத்துப் பார்க்கிறார். ஓதம் உண்டா, வெயில் எந்த அறையில் விழும், வண்டி வாசல்வரை வருமா, கோடையில் தண்ணீர் உண்டா என்று கேட்கிறார். ஓதம் ஏறிய சுவரின்மேல் டைல்ஸ் ஒட்டி மறைத்தால், ஈரம் அதற்கு மேலேறிப் புதிய இடத்தில் தெரியும். அதே பணத்தில் கூரையின் ஓரத் தகர வடிகாலைச் சரிசெய்து, கூரைநீர் சுவரடியில் விழாமல் செய்திருந்தால் ஓதமே குறைந்திருக்கும். கிழக்கு பார்த்த முன்தாழ்வாரத்தைக் கண்ணாடியால் அடைத்தாலே, காலை வெயில் விழும் ஓர் அறை கிடைத்துவிடும். மண்ணை ஒரு கூடைகூட வெட்ட வேண்டியதில்லை.

கோத்தகிரித் தம்பதியர் இதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். பின்னறை வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. ஆனாலும் வெட்டிய மேட்டை அப்படியே விட முடியாது. அறைக்கென்று எடுத்து வைத்திருந்த பணத்தில் ஏப்ரல், மே இரண்டு மாதமும் அங்கே கருங்கல் சுவர் எழுந்தது. பதினோரு குழாய்கள் பதித்தோம். ஜூனில் முதல் மழை பிடித்த மறுநாள் அந்தப் பெண் தொலைபேசியில் அழைத்து, ஒன்பது குழாய்களில் தண்ணீர் வருகிறது, இரண்டில் வரவில்லை என்றார். கம்பியை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன்.