தட்டில் இல்லாத வசனம்: தேவன் பேசுவதைக் கேட்கப் பழகுவது எப்படி?

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிந்ததும் புது வருஷத்துக்கென்று ஒரு வேத வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டையைத் தட்டிலிருந்து எடுப்போம் இல்லையா, அந்தத் தட்டில் கடிந்துகொள்ளும் வசனத்தை நான் பார்த்ததே இல்லை. எல்லாம் ஆசீர்வதிப்பேன், பெருகப்பண்ணுவேன். அதிலும் ஒரு வருஷம் எனக்குக் காத்திருக்கச் சொல்லும் வசனம் வந்தது பிடிக்காமல், யாரும் பார்க்காத நேரத்தில் அதைத் திரும்ப வைத்துவிட்டு வேறொன்று எடுத்தேன். தேவனுக்குச் செவிகொடுப்பதில் நமக்குள்ள முதல் தடங்கல் அதுதான். சத்தம் கேட்காதது அல்ல.

வேதத்தில் எரேமியா 41-இன் கடைசியிலிருந்து 43 வரை வாசித்துப் பாருங்கள். எருசலேம் பாபிலோனியரிடம் விழுந்தபின் மீந்திருந்த ஜனங்கள், எகிப்துக்குப் போகவென்று புறப்பட்டு பெத்லெகேம் பக்கத்தில் தங்கியிருக்கிறார்கள். கிளம்பியாயிற்று, அப்புறம்தான் தீர்க்கதரிசி எரேமியாவிடம், கர்த்தரிடம் கேட்டுச் சொல்லும், நன்மையானாலும் தீமையானாலும் கீழ்ப்படிவோம் என்கிறார்கள். பத்து நாள் கழித்துப் பதில் வருகிறது: போகாதீர்கள், இந்தத் தேசத்திலேயே இருங்கள். உடனே, நீ பொய் சொல்லுகிறாய் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள், எரேமியாவையும் கூட்டிக்கொண்டு!

அதனால் ஜெபிக்க உட்காருமுன் உங்களையே கேளுங்கள்: வேண்டாம் என்று பதில் வந்தால் இதை விட்டுவிடுவேனா? மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, உம்முடைய சித்தம் என்ன ஆண்டவரே என்று கேட்பதில் அர்த்தமில்லை. விட மனசில்லை என்றால் அதையே அவரிடம் சொல்லிவிடுங்கள், அதுவும் ஜெபம்தான்.

சரி, காலையில் பதினைந்து நிமிஷம் போதும். செல்போன் வேறு அறையில் இருக்கட்டும். செல்போனிலேயே வேதம் வாசிக்கிறவர்கள் இந்த நேரத்துக்கு மட்டும் புத்தகத்தை எடுங்கள். சங்கீதமோ சுவிசேஷமோ, ஒரு நாளைக்குப் பத்து வசனத்துக்கு மேல் வேண்டாம், ஆனால் வரிசையாகப் போங்கள். கண்ணை மூடி ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து விரல் வைப்பது வேண்டவே வேண்டாம், அதுவும் அட்டை எடுக்கிற வேலைதான். மெதுவாக, வாய்விட்டு, இரண்டு தடவை வாசித்து, எந்த வார்த்தை உறுத்துகிறதோ அங்கேயே நின்றுவிடுங்கள். 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் கீகோ என்ற துறவி இப்படி வாசிப்பதை வாசிப்பு, தியானம், ஜெபம், தேவனுக்கு முன் சும்மா இருப்பது என்று நாலு படியாக எழுதி வைத்திருக்கிறார். நமக்கு அந்த நாலாவதுதான் வராது. கேஸ் புக் பண்ணவில்லையே, பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட வேண்டுமே என்று மனசு ஓடும். அதோடு சண்டை போடாமல், பக்கத்தில் ஒரு துண்டுத் தாள் வைத்து அதில் குறித்துவிட்டு, விட்ட வார்த்தைக்குத் திரும்புங்கள்.

ஏதோ தோன்றுகிறது, அது அவர் சொன்னதா, நம் ஆசை சொன்னதா? கர்த்தர் கூப்பிட்டபோது சிறுவன் சாமுவேலுக்கே தெரியவில்லை, மூன்று தடவையும் ஆசாரியன் ஏலியிடம்தான் ஓடினான். சொல்லும், அடியேன் கேட்கிறேன் என்று சொல்லக் கற்றுக்கொடுத்தது அந்தக் கண் மங்கிய கிழவர்தான், அப்புறம் வந்த செய்தியோ அவர் வீட்டுக்கே விரோதமானது! அப்படி ஒருவரைத் தேடிப் பிடியுங்கள், உங்கள் முடிவால் லாபமோ நஷ்டமோ இல்லாதவராக, வேதத்துக்கு ஒத்துப்போகாததை முகத்துக்கு நேரே சொல்லக்கூடியவராக. அதுவரைக்கும் ‘கர்த்தர் என்னோடு பேசினார்’ என்று வெளியே சொல்லாதீர்கள். வேறு யாராவது வந்து, இந்த வரனை முடிக்கச் சொல்லி, இவ்வளவு காணிக்கை கொடுக்கச் சொல்லி உங்களுக்காகக் கர்த்தர் தன்னிடம் சொன்னார் என்றால், மரியாதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள், அன்றைக்கே தலையாட்டிவிடாதீர்கள்.

பல நாள் ஒன்றுமே தோன்றாது. எரேமியாவே பத்து நாள் காத்திருந்தாரே. நோட்டில் தேதியையும் வாசித்த பகுதியையும் எழுதி, எதிரே ‘ஒன்றுமில்லை’ என்று போட்டுவிட்டு வேலைக்குக் கிளம்புங்கள். என் நோட்டில் அதிகம் இருப்பது அந்த வார்த்தைதான்.