ஆலயம் தேடும் வேலை மதுரையிலேயே தொடங்குகிறது

போன மாதம் நரிமேட்டில் ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது ஓர் இளம் தம்பதி என்னைத் தேடி வந்தார்கள். தம்பியின் தோளில் இரண்டு வயதுக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பெண்தான் பேசினாள். “அக்கா, நீங்கள் துபாயில் ஒன்பது வருடம் இருந்தீர்களாமே. நாங்கள் அடுத்த வாரம் கிளம்புகிறோம். வீடு பார்த்தாயிற்று, குழந்தைக்கு விசா வந்துவிட்டது. சர்ச் மட்டும்தான் பார்க்கவில்லை. ஈத் விடுமுறை நான்கு நாள் வருகிறதாம். அப்போது நிதானமாகத் தேடிக்கொள்ளலாம் என்றிருக்கிறோம்.”

வேண்டாம் என்று உடனே சொல்லிவிட்டேன். அதே கணக்கைப் போட்டுத்தான் நாங்களும் போனோம்.

2012 செப்டம்பரில் நாங்கள் துபாய்க்குப் போனோம். வீட்டுச் சாமான் வாங்குவது, பள்ளிச் சேர்க்கை, கணவரின் புது வேலை என்று முதல் வாரங்கள் ஓடிவிட்டன. அக்டோபர் கடைசியில் பக்ரீத். அந்த ஆண்டு பக்ரீத் வெள்ளிக்கிழமையில் வந்தது. அப்போது அங்கே வார விடுமுறையும் வெள்ளிதான், ஆராதனை நாளும் வெள்ளிதான். இதைவிட நல்ல நாள் கிடைக்குமா என்று மகளுக்குப் பட்டுப்பாவாடை கட்டி, கராமாவில் வாங்கிய மல்லிகையைத் தலையில் வைத்து டாக்சியில் அழைத்துப்போனோம். ஊத் மேத்தா பகுதியில் ஆலயங்கள் பக்கம் பக்கமாக இருக்கின்றன என்பது மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். உள்ளே நுழைந்தால் ஒரு வளாகத்துக்குள் பத்துப் பதினைந்து கதவுகள். ஒரு ஹாலில் மலையாளப் பாட்டு, அடுத்ததில் பிலிப்பைன்ஸ்காரர்களின் கிட்டார். சுவரில் ஓர் அறிவிப்புப் பலகை இருந்தது. மொழி, ஹால், நேரம் என்று மூன்று கட்டம் போட்ட தாள். தமிழ் என்ற வரியில் காலை நேரத்தைப் பேனாவால் அடித்துவிட்டு, பக்கத்தில் ‘மாலை 7.30’ என்று எழுதியிருந்தார்கள். விடுமுறைக்காக அந்த ஒரு வாரம் மட்டும் நேர மாற்றம். அப்போது மணி பதினொன்று. இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு எட்டரை மணி நேரம் எங்கே காத்திருப்பது? திரும்பிவிட்டோம்.

அடுத்த வாரம் போகலாம் என்று சொல்லிக்கொண்டோம். அந்த அடுத்த வாரம் வருவதற்கு ஜனவரி ஆகிவிட்டது. நடுவில் கிறிஸ்துமஸ் வந்து போனது. 2012 டிசம்பர் 25 ஒரு செவ்வாய்க்கிழமை. கணவர் அலுவலகத்தில், நான் பிள்ளைகளோடு பதினோராவது மாடியில். பசுமலையில் அம்மா வீட்டிலிருந்து தொலைபேசியில் மணிச்சத்தத்தைக் கேட்கவைத்தார்கள். அன்றைக்கு அழுத அழுகையை இன்னும் மறக்கவில்லை.

ஆகவே முதல் தவறு இதுதான்: விடுமுறை வரட்டும் என்று காத்திருப்பது. ஆலயம் தேடுவதற்கு நீண்ட விடுமுறையைப் போல மோசமான நேரம் இல்லை. ஈத் பெருநாள் பிறை பார்த்து முடிவாவது. நோன்புப் பெருநாள் என்றால் விடுமுறை எந்த நாளில் தொடங்கும் என்பதே கடைசி நேரத்தில்தான் உறுதியாகும். வழக்கமாக வரும் குடும்பங்களில் பாதி ஊருக்குப் போயிருக்கும். ஹால்களின் நேரம் மாறியிருக்கும். புதிதாக வரும் உங்களைக் கூப்பிட்டு உட்காரவைக்க வேண்டியவர்களே அன்றைக்கு இருக்கமாட்டார்கள். சாதாரண வாரத்தில், போய்ச் சேர்ந்த முதல் வாரத்திலேயே, பெட்டி பிரிக்காமல் கிடந்தாலும் போய்விடுங்கள். முதல் வாரம் போனால் இரண்டாம் வாரம் கால் தானாக நடக்கும்.

அடுத்தது கிழமைக் குழப்பம். ஞாயிறு என்றால் ஆராதனை என்று நமக்கு ரத்தத்தில் ஊறியிருக்கிறது. ஐக்கிய அரபு அமீரகம் 2022 ஜனவரியிலிருந்து வார விடுமுறையைச் சனி, ஞாயிறுக்கு மாற்றிவிட்டது. அரசு அலுவலகங்களுக்கு வெள்ளி அரை நாள் வேலை. ஆனால் குவைத், கத்தார், பஹ்ரைன், ஓமன் நாடுகளில் இன்றும் வெள்ளியும் சனியும்தான் விடுமுறை. அங்கே பெரிய கூட்டம் வெள்ளிக்கிழமையில்தான் கூடும். ஞாயிறு வேலை நாள். அமீரகத்திலும் மாற்றத்துக்குப் பிறகு எல்லாச் சபைகளும் ஒரேயடியாக ஞாயிறுக்கு மாறிவிடவில்லை. வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று நாளும் ஆராதனைகள் நடக்கின்றன. கத்தோலிக்கர்கள் மனம் குழம்ப வேண்டாம். வெள்ளி விடுமுறை உள்ள வளைகுடா நாடுகளின் ஆலயங்களில் வெள்ளியும் சனியும் நிறைவேற்றப்படும் வார இறுதித் திருப்பலி ஞாயிறு திருப்பலிக்கு உரிய வாசகங்களோடுதான் நடக்கிறது.

கிழமை தெரிந்தால் மட்டும் போதாது, வண்டி ஓடும் நேரமும் தெரிய வேண்டும். துபாய் மெட்ரோ மற்ற நாட்களில் காலை ஐந்து மணிக்குத் தொடங்கினாலும், ஞாயிறன்று எட்டு மணிக்குத்தான் தொடங்குகிறது. ஏழரை மணி ஆராதனைக்கு மெட்ரோவை நம்பிக் கிளம்பியவர்களும் உண்டு. பச்சைத் தடத்தில் ஊத் மேத்தா நிலையத்தில் இறங்கினால் நடக்கும் தூரம்தான். ஆனால் ஜூன், ஜூலை வெயிலில் கைக்குழந்தையோடு அந்த நடையும் நீளமாகத் தெரியும்.

கோபுரத்தைத் தேடி அலைவது மூன்றாவது தவறு. கீழவெளி வீதியில் வியாகுல அன்னை பேராலயத்தின் இரட்டைக் கோபுரம் தூரத்திலிருந்தே தெரியும். அந்தப் பழக்கத்தோடு கத்தார் போய் இறங்கினால் ஒன்றும் கண்ணில் படாது. தோஹாவின் மெசைமீர் பகுதியில் எல்லாச் சபைகளுக்கும் ஒரே இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். 2008-இல் அங்கே முதல் கத்தோலிக்க ஆலயம் திறக்கப்பட்டது. வெளிப்புறத்தில் சிலுவையும் கிடையாது, மணிக்கூண்டும் கிடையாது. வாசலில் பாதுகாப்புச் சோதனை உண்டு, அதற்கும் நேரம் வைத்துக்கொள்ள வேண்டும். துபாயில் 1967 முதல் புனித மரியன்னை ஆலயம் இருக்கிறது. அதற்கான நிலத்தை அப்போதைய ஆட்சியாளர் ஷேக் ராஷித் கொடுத்தார். அங்கே தமிழ்த் திருப்பலி உண்டு. சீர்திருத்தச் சபைகளுக்கு நிலைமை வேறு. ஒரே வளாகத்தை, சில சமயம் ஒரே ஹாலை, பல மொழிச் சபைகள் மணிக்கணக்குப் பார்த்துப் பங்குபோட்டுக்கொள்கின்றன. ஆகவே வளாகத்தின் பெயரைக் கைப்பேசி வரைபடத்தில் குறித்துவைத்தால் போதும் என்று எண்ணாதீர்கள். எந்தச் சபை, எந்த ஹால், எந்த நேரம், இந்த வாரம் மாற்றம் உண்டா என்ற நான்கும் வேண்டும். அதைச் சொல்லக்கூடிய ஒரு மனிதரின் தொலைபேசி எண்ணும் வேண்டும்.

அந்த எண் மதுரையிலேயே கிடைக்கும். நம் சபைகளில் வளைகுடாவில் வேலை பார்த்தவர் இல்லாத சபையைக் காட்டுங்கள் பார்ப்போம். பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் ஒரு வார்த்தை கேட்டால் போதும், என் மருமகன் அங்கேதான் இருக்கிறான் என்று நாலு பேராவது சொல்வார்கள். போதகரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். கிளம்பும் அவசரத்தில் போதகரைப் பார்க்காமலே விமானம் ஏறிவிடுகிறார்கள். அவருக்கும் அது வருத்தம், நமக்கும் நஷ்டம்.

போதகரைப் பார்க்கப் போகும்போதே கடிதத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இந்தக் குடும்பம் எங்கள் சபை அங்கத்தினர்கள், திருவிருந்தில் பங்கு பெறுகிறவர்கள் என்று நான்கு வரி, கையெழுத்து, முத்திரை. அவ்வளவுதான். இதோடு எல்லோருடைய ஞானஸ்நானச் சான்று, திடப்படுத்தல் சான்று, திருமணச் சான்றின் நகல். விசாவுக்காக அட்டெஸ்டேஷன் செய்து வைத்திருக்கும் திருமணச் சான்று இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். அது அரசாங்கத்துக்கு. சபை கேட்பது சபையின் கடிதத்தை. கத்தோலிக்கப் பிள்ளைகளைப் புதுநன்மை வகுப்பில் சேர்க்கத் திருமுழுக்குச் சான்று கேட்பார்கள். வகுப்பு தொடங்கிய பிறகு மதுரையிலிருக்கும் தாத்தாவைப் பங்கு அலுவலகத்துக்கு வெயிலில் அலையவைப்பது பாவம். இன்னொன்று, கல்யாண வயதில் பிள்ளை இருந்தால், திருமணத்துக்குப் பழைய சான்று செல்லாது. அண்மையில் புதிதாக எழுதிக் கொடுத்த திருமுழுக்குச் சான்றைத்தான் கேட்பார்கள். பெற்ற பங்கின் பெயரையும் ஆண்டையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருங்கள்.

சி.எஸ்.ஐ. சபை இல்லாத ஊரில் எங்கே போவது என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். இதில் வீண் தயக்கம் அதிகம். சி.எஸ்.ஐ. என்கிற தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், காங்கிரிகேஷனல், பிரெஸ்பிடேரியன் மரபுகள் ஒன்றாகிப் பிறந்தது. உலக ஆங்கிலிக்கன் சபைகளின் கூட்டமைப்பான ஆங்கிலிக்கன் ஐக்கியத்தில் அது உறுப்புச் சபை. ஆகவே நம் அங்கத்தினர் ஆங்கிலிக்கன் ஆலயத்தில் திருவிருந்து எடுக்கத் தடையில்லை. இருந்தும் மதுரைக்காரர்களுக்கு அங்கே முதல் நாள் கொஞ்சம் அந்நியமாகத் தோன்றும். 1834-இல் இங்கே வந்த அமெரிக்க மிஷன் காங்கிரிகேஷனல் வழி வந்தது. நமக்கு நீண்ட பிரசங்கமும் கீர்த்தனையும் பழக்கம். எழுந்து நின்று, முழங்காற்படியிட்டு, புத்தகம் பார்த்துச் சொல்லும் முறை பழகச் சில வாரமாகும். அந்தச் சில வாரத்தைக் கொடுங்கள்.

அந்த அமெரிக்கக் குடும்பங்களை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். மதுரை வெக்கையும் காய்ச்சலும் தாங்காமல் 1845-இல் கொடைக்கானலில் வீடு கட்டிக் குடியேறி, விடுமுறைக்குப் பிள்ளைகளை அங்கே அழைத்துப்போனார்கள். தங்கள் மொழியில் ஆராதிக்க அங்கே ஆலயமும் எழுப்பிக்கொண்டார்கள். அயலூரில் தன் மொழியில் ஒரு பாட்டுக்கு ஏங்குவது நமக்கு மட்டும் வந்த ஏக்கம் இல்லை. ஆனால் அவர்களைப் போல நாம் சொந்தமாகக் கட்டிக்கொள்ள முடியாது. கிடைத்த இடத்தைப் பகிர்ந்துகொள்ளத்தான் வேண்டும்.

இதை மறப்பதால் வருவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு. அனுமதி பெற்ற ஆலய வளாகத்துக்கு வெளியே, ஒரு ஃபிளாட்டில் ஐம்பது பேரைக் கூட்டி ஆராதனை நடத்துவது அமீரகத்தில் சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடும். வீட்டு ஜெபம் என்று பக்கத்து வீட்டு அண்ணன் அன்பாகக் கூப்பிடுவார். குடும்ப ஜெபம் வேறு, சபை நடத்துவது வேறு என்பதைப் புதிதாகப் போகிறவர் அறிந்திருக்க வேண்டும். அங்கே கை நீட்டிக் காணிக்கை வசூலித்தால் இன்னும் எச்சரிக்கை வேண்டும், நிதி திரட்டவும் அங்கே அனுமதி தேவை. மாட்டுத்தாவணியில் நின்று கைப்பிரதி கொடுத்துப் பழகியவர்கள் நம்மில் உண்டு. வளைகுடாவில் அது குற்றம். சிறையும் நாடு கடத்தலும் வரை போகும். பெட்டியில் கட்டுக்கட்டாகத் துண்டுப் பிரசுரம் வைக்காதீர்கள். சவூதி அரேபியாவில் ஆலயமே கிடையாது, பொது ஆராதனைக்கு இடமும் இல்லை. அங்கே வேலைக்குப் போகிறவர் இதைத் தெரிந்துகொண்டு, வீட்டுக்குள் குடும்பமாக ஜெபிக்க மனதைத் தயார் செய்துகொண்டுதான் போக வேண்டும்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும், இதில் என் கருத்து பலருக்குப் பிடிக்காது. தமிழ் ஆராதனை கிடைத்ததும் பெரியவர்களுக்கு உயிர் வந்துவிடும். பாமாலையின் முதல் வரியிலேயே கண்ணீர் வரும். ஆனால் அங்கேயே வளரும் பிள்ளை மேசைக்கடியில் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருக்கும். அதற்காக ஆங்கில ஆராதனைக்கு மாறிவிடாதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள். வீட்டில் வாரம் ஒரு கீர்த்தனையை அர்த்தம் சொல்லிப் பாடவையுங்கள், ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுக்க நீங்களே முன்வாருங்கள். நாகர்கோவில், திருநெல்வேலி, யாழ்ப்பாணம் என்று எல்லா ஊர்த் தமிழும் அந்த ஒரு ஹாலில் பிள்ளையின் காதில் விழும். மதுரையில் இருந்திருந்தால் அது கிடைத்திருக்காது. என் மகள் இன்றும் ஒரு யாழ்ப்பாணத்து ஆச்சி சொல்லிக்கொடுத்த ராகத்தில்தான் பாடுகிறாள்.

சிங்கப்பூர் போகிறவர்களுக்கு இந்தக் கவலைகளில் பாதி இல்லை. ஆஃபிர் சாலையில் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காகக் கட்டப்பட்ட லூர்து அன்னை ஆலயம் 1888 முதல் நிற்கிறது. அங்கே கிறிஸ்துமஸும் பெரிய வெள்ளியும் அரசு விடுமுறை. அமீரகத்தில் இரண்டுமே அரசு விடுமுறை இல்லை. ஜனவரி 1 விடுமுறை என்பதால் புத்தாண்டு ஆராதனைக்கு நிற்க இடமிருக்காது. கிறிஸ்துமஸ் அதிகாலை ஆராதனைக்குக் குடும்பத்தோடு போக வேண்டுமானால் சொந்த விடுப்பு எடுத்தாக வேண்டும். மற்ற கிறிஸ்தவ ஊழியர்கள் எல்லோரும் அதே நாளைத்தான் கேட்பார்கள். செப்டம்பரிலேயே கேட்டுவிட வேண்டும்.

நான் இதைச் சொல்லி முடிப்பதற்குள் அந்தத் தம்பி தோளில் இருந்த குழந்தையை மனைவியிடம் கொடுத்துவிட்டு, போதகர் அறைப் பக்கம் நடந்துவிட்டான். கடிதம் வாங்கத்தான்.