திருநெல்வேலிக்கு வருபவருக்குக் கடை சொல்வதற்கு முன்

சென்னையில் என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர், அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு நெல்லையப்பர் கோயிலுக்கு வந்தார். "டவுன்ல என்ன சாப்பிடலாம்?" என்று முந்தின நாளே கேட்டார். "கோயிலுக்கு எதிரே கீழ ரத வீதியில இருட்டுக்கடை இருக்கு, அல்வா சாப்பிடாம போயிராதீங்க" என்றேன். மறுநாள் காலை ஒன்பதரைக்குப் போன் வந்தது. "கடை பூட்டியிருக்கே, எப்பத் திறப்பாங்க?" அந்தக் கடை சாயங்காலம்தான் திறக்கும். ஊர்க்காரர் எல்லோருக்கும் தெரியும் என்பதாலேயே எனக்கு அதைச் சொல்லத் தோன்றவில்லை. அவர்களுக்கு மதியம் இரண்டு மணிக்கு பஸ். வயசான அம்மாவை மூடின கடை முன்னால் நிறுத்திவிட்டோமே என்று இன்றைக்கும் மனசு உறுத்துகிறது.

கடையின் பெயரைச் சொல்லிவிட்டு வேளையைச் சொல்லாமல் விடுவதுதான் நாம் செய்கிற பெரிய தவறு. நம்ம பக்கத்துச் சாப்பாடு வேளையோடு கட்டுண்டது. பதநீரையே எடுத்துக்கொள்ளுங்கள். பங்குனி, சித்திரையில் திருச்செந்தூர், உடன்குடி, சாத்தான்குளம் பக்கம் போகிறவர்களிடம் "வழியில பதநீர் குடிங்க" என்று சொன்னால் மட்டும் போதாது. வெயில் ஏறுவதற்குள் குடிக்க வேண்டும் என்றும் சொல்ல வேண்டும். கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்கினாலும் நேரம் ஆக ஆகப் புளிப்பு ஏறிவிடும். காலையில் பனையோலைப் பட்டையை இரண்டு கையாலும் ஏந்தி, நுங்கைத் தோண்டிப் போட்டுக் குடிக்கும்போது ஓலை வாசமும் சேர்ந்து வரும். அதே பதநீரை மதியம் பிளாஸ்டிக் பாட்டிலில் வாங்கிக் குடித்தவர், இதற்கா இவ்வளவு பேச்சு என்றுதான் நினைப்பார்.

அல்வாவும் அப்படித்தான். கோதுமையை ஊறவைத்து, அரைத்து, பால் எடுத்து, சர்க்கரையும் நெய்யும் விட்டுக் கிண்டினது. சூட்டோடு இலைத்துண்டில் வாங்கி, நின்ற இடத்திலேயே சாப்பிட்டால் வழுக்கிக்கொண்டு இறங்கும். திகட்டினால் ஒரு பிடி மிக்சர். ஊருக்குக் கொண்டுபோன பெட்டியில் நெய் உறைந்துபோய் இருந்தால் லேசாகச் சூடு காட்டச் சொல்லுங்கள். இரண்டையும் சேர்த்துச் சொல்லாவிட்டால், பெட்டி அல்வாவை வைத்தே ஊரை எடைபோட்டுவிடுவார்கள். ஒரே மாதிரிப் பெயர்ப் பலகைகள் ஊரில் நிறைய இருப்பதால், தெருவையும் அடையாளத்தையும் சேர்த்தே சொல்லுங்கள்.

அடையாளம் சொல்வதிலும் கவனம் வேண்டும். "பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்ல" என்றால் எந்த பஸ் ஸ்டாண்ட்? ஜங்ஷன் ஆற்றுக்கு இந்தப் பக்கம், வேய்ந்தான்குளம் புது பஸ் ஸ்டாண்ட் அந்தப் பக்கம். தாமிரபரணியைத் தாண்டிப் போக வேண்டும் என்பது வெளியூர்க்காரருக்கு எப்படித் தெரியும்?

"இந்தா, பக்கத்துலதான்" என்பது நம் வாயில் ஊறிப்போன சொல். செங்கோட்டைப் பக்கம் பிரானூர் பார்டரில் பரோட்டாவும் கோழியும் நன்றாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் டவுனில் அறை எடுத்துத் தங்கியிருப்பவரை அதற்காக மட்டும் அனுப்பாதீர்கள். தென்காசிக்கே ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். சாரல் காலத்தில் குற்றாலத்துக்குப் போகிறவர்களுக்குச் சொல்லுங்கள், அங்கிருந்து அது கிட்டத்தான்.

அடுத்து, யார் சாப்பிடப் போகிறார்கள் என்று கேட்காமல் சொல்வது. சைவமா அசைவமா என்று ஒரு வார்த்தையில் கேட்டு முடித்துவிடக் கூடாது. அசைவம் சாப்பிடுகிற வீட்டிலும் செவ்வாய், வெள்ளி, அமாவாசை, புரட்டாசி என்று எத்தனையோ இருக்கிறது. கோயிலுக்கு வந்தவர்கள் என்றால் அதைக் கட்டாயம் கேளுங்கள். சின்னப் பிள்ளைகள் இருந்தால் சால்னாவின் காரத்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சர்க்கரை நோயுள்ள பெரியவரிடம் "கருப்பட்டிதான, ஒண்ணும் செய்யாது" என்று நம் ஆட்கள் அன்போடு சொல்கிறார்கள். தயவுசெய்து சொல்லாதீர்கள். கருப்பட்டியும் இனிப்புதான், ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும்.

வெளியூரில் வேலை பார்க்கும் நம்மைப் போன்றவர்கள் செய்வது இன்னொன்று: காலேஜ் நாளில் சாப்பிட்ட ருசியை நம்பி இன்றைக்கு ஆளை அனுப்புவது. மாஸ்டர் மாறியிருப்பார், கடை கைமாறியிருக்கும். ஊரில் இருக்கும் தம்பிக்கோ மைனிக்கோ ஒரு போன் போட்டு, "அந்தக் கடை இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டுச் சொல்லலாம். பத்துக் கடை அடுக்க வேண்டாம், இரண்டு போதும்.

தேங்காய்ப்பாலில் வைக்கிற சொதிக் குழம்பு விஷயத்தில் மட்டும் யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். "திருநெல்வேலின்னா சொதிதான்" என்று பெருமையாகச் சொல்லிவிடுகிறோம். வந்தவர் ஓட்டல் ஓட்டலாக ஏறி இறங்குகிறார். அது கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்கு வைக்கிற விருந்து, வீட்டுச் சமையல். சில ஓட்டல்களில் சில நாள் போடுவார்கள், அன்றைக்கு உண்டா என்று கேட்டுக்கொண்டுதான் அனுப்ப வேண்டும். மூன்றாம் பால், இரண்டாம் பாலில் காய்கள் வெந்து, பாசிப்பருப்பு சேர்ந்து, கடைசியில் தலைப்பால் விட்டு, கொதிக்க விடாமல் இறக்க வேண்டிய பண்டம். நூறு பேருக்கு ஆக்கி அடுப்பிலேயே வைத்திருந்தால் பால் திரிந்துபோகும்.

அதனால் அந்த நண்பர் ஆனித் தேரோட்டத்துக்கு மறுபடி வந்தபோது கடையே சொல்லவில்லை, வீட்டுக்குக் கூப்பிட்டேன். எங்க ஆச்சி சொதி வைத்தாள். தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு வறுவல். நண்பரின் அப்பா பேசாமல் சாப்பிட்டு இரண்டாம் தடவையும் சொதியே ஊற்றச் சொன்னார். அந்த அம்மா அடுப்படி வாசலில் நின்றுகொண்டு, "எலுமிச்சம்பழம் அடுப்பை அணைச்சுட்டா பிழிஞ்சீங்க?" என்று ஆச்சியிடம் கேட்டுக்கொண்டிருந்தார். சாயங்காலம் ஐந்தரைக்கு அவரை நானே கீழ ரத வீதிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.